மத்தியானத்தில் இறங்குகிறவர்

எனக்கு ஒதுக்கிய அறைக்கு ஜன்னல் கிடையாது. தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியின் மேல் மாடியில், லிஃப்ட்டுக்குப் பின்னால், முன்பு ஒடிந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த இடம். அதைக் காலி செய்து, ஏசி மாட்டி, சுவரில் பெரிய திரை ஒன்றைப் பொருத்தி, வாசலில் 'தொலை மருத்துவப் பிரிவு' என்று பலகையும் அடித்தார்கள். வார்டில் நடந்து நடந்து முழங்கால் தேய்ந்த நர்ஸ் நான். என்னை அங்கே உட்கார வைத்தார்கள். "உக்காந்த எடத்துல வேலை, குடுத்து வச்சவங்க" என்று வார்டுப் பெண்கள் பொருமினார்கள். ஒரு வாரம் வந்து உட்கார்ந்து பாருங்கடி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வேலை இதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும் நோயாளிகளில் ஊர்ப்பக்கத்தில் இருப்பவர்கள், அடிக்கடி வந்துபோக முடியாதவர்கள், அவர்கள் வீட்டில் ஒரு டேப்லெட்டும், விரலில் மாட்டுகிற ஒரு கிளிப்பும் கொடுத்துவிடுவார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, நாடி எவ்வளவு என்று அந்தக் கிளிப் என் திரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எண் சிவப்பானால் நான் வீடியோவில் கூப்பிட வேண்டும். ஸ்ரீவைகுண்டம் வயல்காட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் அப்படி ஒரு கூட்டம் என் சுவரில் கட்டம் கட்டமாகத் தொங்கியது.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு பிடிக்காமல் போனது. வார்டில் நோயாளியின் பக்கத்தில் நின்றால் வாடை வரும், சூடு தெரியும், அவன் முனகுவது கேட்கும். இங்கே எதுவும் இல்லை. டேப்லெட்டை ஆன் செய்துவிட்டு மறந்து போய்விடுவார்கள். ஆள் எழுந்துபோன கட்டில், காற்றில் ஆடும் ஒரு கொடிச்சேலை, மெதுவாகச் சுற்றும் ஃபேன், சுவரில் ஒரு பல்லி. இதைத்தான் மத்தியானம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாரும் இல்லாத வீட்டுக்குள் நான் மட்டும் நின்றுகொண்டிருக்கிற மாதிரி இருக்கும். சில நேரம் ஒரு வீட்டுக்குள் யாரோ நடக்கிற சத்தம் கேட்கும். திரையில் யாரும் வரமாட்டார்கள். நடை நின்றுவிடும்.

நான் சொல்ல வந்த நோயாளியின் வீடு ஆறுமுகநேரி உப்பளங்களைத் தாண்டிக் கடற்கரை ஓரத்தில் இருந்தது. வாலிபத்திலிருந்து சங்கு குளித்தவர். முத்துக் குளித்ததெல்லாம் அவர் பாட்டன் காலத்தோடு போயிற்று. இவர் காலத்தில் சங்குதான், அதுவும் கம்ப்ரசர் போட்டு. படகில் கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து வரும் ரப்பர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு கீழே போவார்கள். அப்படிப் போய்ப் போய் நுரையீரல் கெட்டு, கடைசியில் வீட்டுக் கட்டிலில் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தார். ஆக்சிஜன் கொடுக்கிற மெஷின் கடகடவென்று சத்தம் போடுகிறது, தூக்கம் வரவில்லை என்று அவர் கோபப்பட்டதால் அதை முன்னறையில் வைத்துவிட்டார்கள். அங்கிருந்து நீளக் குழாய் ஒன்று தரையோடு ஓடி உள்ளறைக் கட்டில் வரைக்கும் வரும்.

வீட்டில் அவரும் அவர் மனைவியும்தான். பிள்ளைகள் கப்பலில். அந்த அம்மாள் முதல் நாள் என்னைத் திரையில் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "தோத்திரம் சிஸ்டர்" என்றார். அவர்கள் ஊரில் சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி. நான் நாசரேத்துப் பக்கத்துப் புராட்டஸ்டண்டுப் பெண், எங்களுக்குக் கன்னியாஸ்திரியே கிடையாது. "அம்மா, நான் நர்சும்மா. எனக்குப் புருசன் இருக்காரு, அவரோட தினமும் சண்டையும் இருக்கு" என்று சொல்லிப் பார்த்தேன். "சரி சிஸ்டர், தோத்திரம்" என்றார். அதற்கு மேல் நான் மல்லுக்கட்டவில்லை.

அவர் எண்கள் காலையில் நன்றாக இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தால் கொஞ்சம் குறையும். தூக்கத்தில் குழாய் மூக்கிலிருந்து விலகியிருக்கும், வேறொன்றும் இல்லை. நான் கூப்பிடுவேன். "அம்மா, இறங்குது பாருங்க. மத்தியானம் மத்தியானம் இறங்குது."

"இறங்குதாவளா சிஸ்டர்?"

"ஆமா, இறங்குது. தனியா விட்டுறாதிங்க. கூட ஆள் இருக்கணும்."

"அது எப்பிடி விடுவேன் சிஸ்டர்? ஏற்பாடு பண்ணிருதேன்."

நான் 'இறங்குது' என்றதை அந்த அம்மாள் 'இறங்குதாவ', அதாவது அவர் இறங்குகிறார், என்று திருப்பிச் சொன்னது என் காதில் விழத்தான் செய்தது. புருஷனைப் பற்றிய பேச்சில் மரியாதைக்கு அப்படிச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். ஆத்தூரிலிருந்து வெற்றிலைக் கட்டுகளுக்கு நடுவே பஸ்ஸில் நசுங்கி வந்து, ஒரு சுவர் முழுக்க ஆட்களைப் பார்க்கிறவளுக்கு ஒவ்வொரு சொல்லையும் உரசிப் பார்க்க நேரம் ஏது?

அதற்குப் பிறகுதான் நிஜமாகவே இறங்க ஆரம்பித்தது. கொஞ்சம் இல்லை. சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் எண் படபடவென்று குறையும். எழுபதுகளில் போய் நிற்கும். சாயங்காலம் கோயில் மணி அடிக்கிற நேரத்துக்குத் தானாகவே மேலே ஏறிவிடும். காலையில் கேட்டால் மனிதர் தெளிவாக இருப்பார், கருவாடு சரியில்லை என்று மனைவியைத் திட்டுவார். ஒரு முறை ஆம்புலன்சை அனுப்பினேன். அது உப்பளம் சுற்றி மணல் ரோட்டில் திணறிப் போய்ச் சேர்வதற்குள் எண் ஏறிவிட்டது. "நல்லா இருக்கவனத் தூக்கிட்டுப் போவ வந்திருக்கிய" என்று அவர் டிரைவரை விரட்டினார். டிரைவர் என்னைப் போனில் விரட்டினார். நானும் பதிலுக்குக் கத்தினேன்.

டாக்டர் திரையில் எண் ஏறி இறங்கிய வரைகோட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இவரு ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேங்கறாரு. இப்படித் தினமும் போய்ப் போய் வந்தார்னா ஒரு நாள் திரும்பமாட்டாரு சிஸ்டர். காரணத்தைக் கண்டுபிடிங்க" என்றார். மெஷினைப் பார்க்க ஆள் போனான். காலையில் போனான். மெஷின் தங்கமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

மத்தியானங்களில் நான் அவரைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்கினேன். டேப்லெட் கட்டிலின் பக்கத்து ஸ்டூலில் இருக்கும். அவர் முகமும், தலையணையும், தரையில் ஒரு துண்டும், கதவும் தெரியும். குழாய் கதவைத் தாண்டிப் போய் மறைந்துவிடும்.

ஒரு நாள் அந்தக் குழாய் நகர்ந்தது.

அவர் அசையவில்லை. அறையில் யாரும் இல்லை. தரையில் வளைந்து கிடந்த குழாய் மெதுவாக நிமிர்ந்து, கதவுப் பக்கமாகக் கொஞ்சம் இழுபட்டு, விறைத்து நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு இரண்டு விரற்கடை தளர்ந்தது. மறுபடியும் விறைத்தது. மூலையில் எண் இறங்க ஆரம்பித்தது. பூனை என்று நினைத்தேன். பூனை இப்படிப் பொறுமையாகச் செய்யாது என்றும் தோன்றியது. கை ரோமம் நட்டுக்கொண்டது. ஏசி குளிர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"ஐயா! ஐயா, கேக்குதா?" என்று கூப்பிட்டேன்.

கண்கள் பாதி திறந்திருந்தன. உதடு நாவல்பழம் தின்றதுபோல் நிறம் மாறியிருந்தது. மூச்சுக்குத் திணறுகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், எத்தனையோ பார்த்திருக்கிறேன். இது அந்த முகமே இல்லை. கல்யாண வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுச் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறவன் முகம்.

"மேல யாரு பேசுதது?" என்றார். குரல் நீண்டு நீண்டு வந்தது.

"நான்தான்யா, ஆஸ்பத்திரி நர்ஸ்."

"சத்தம் போடாதிய. கீழ வரைக்கும் கேக்குது. மீனு கலையுது."

அவர் கண்கள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குக் கீழே எதையோ பார்த்தன. "தண்ணி கண்ணாடியா இருக்கு. பாரு முழுசும் தெரியுது" என்றார். சங்கு கிடக்கும் கடலடிப் பாறைத் திட்டைத்தான் அவர்கள் பார் என்பார்கள்.

"ஐயா, நல்லா மூச்சை இழுத்து விடுங்க. தனியா இருக்கீங்களா?"

"மச்சான் பிடிச்சிருக்கான்லா. பயமில்ல."

நான் மனைவியைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, தோத்திரம் சொல்லி முடிக்கும்வரை எனக்குப் பொறுமை இல்லை. "அம்மா, அந்த அறையில யாரு இருக்கா?"

"யாருமில்லியே சிஸ்டர்." திரும்பிச் சுற்றிலும் பார்த்தார். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். "அவியதான் இருக்காவ."

"மச்சான் மச்சான்னு சொல்றாரே?"

"ஆமா, சொல்லுவாவ" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவே இல்லை. புருஷன் கண் முன்னால் நீலம் பூத்துக்கொண்டிருக்கிறான், பெண்டாட்டி நிம்மதியாகச் சிரிக்கிறாள். அவருடைய கையைத் தேய்க்கச் சொன்னேன், தலையைத் தூக்கி வைக்கச் சொன்னேன், மூக்கில் குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். எல்லாம் சரியாகவே இருந்தது. எண் ஏறவில்லை. கோயில் மணி அடித்த பிறகு ஏறியது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒனக்கு அந்த ரூம்பு ஆகல. மாத்தல் கேளு" என்றார். எனக்குப் பேயிலும் பிசாசிலும் நம்பிக்கை கிடையாது. ஆனால் பயத்துக்கு நம்பிக்கை வேண்டும் என்று யார் சொன்னது? அந்தக் குழாய் விறைத்து நின்றது கண்ணை மூடினாலும் வந்தது. மாற்றல் கேட்க வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அந்த மனிதர் போய்விடுவாரே என்ற நினைப்பு விடவில்லை. அவருக்கு இனி எத்தனை மத்தியானம் தாங்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் மற்றக் கட்டங்களைச் சின்னதாக்கிவிட்டு அவரை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டேன். சாப்பாடு முடிந்தது. மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போனார். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நடந்து வந்து நின்ற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் குழாய் நிமிர்ந்தது. விறைத்தது. எண் இறங்கியது, முன்னைவிட வேகமாக. அவர் முகம் தளர்ந்து, அந்தச் சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

மனைவியைக் கூப்பிட்டேன். வந்ததும், "அம்மா, பேசாதிங்க. அந்த டேப்லெட்டைக் கையில எடுங்க. குழாய் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமா நடங்க. என்னைத் தரையைப் பாத்தே பிடிங்க" என்றேன்.

சிவப்பு சிமெண்டுத் தரை என் திரையில் நகர்ந்தது. அதன்மேல் விறைத்த குழாய். அந்த அம்மாளின் பாதம் வந்து வந்து போனது. வாசற்படி ஒன்று தாண்டியது. எங்கோ கீ கீ என்று மெஷினின் அலாரம் கத்துவது கேட்கத் தொடங்கியது. அதுவரை அந்தச் சத்தம் உள்ளறைக்கு வந்ததே இல்லை. படம் நிமிர்ந்தபோது மெஷின் தெரிந்தது. அதன் மேல் பழைய போர்வை ஒன்றை மடித்துப் போட்டு மூடியிருந்தார்கள்.

அதன் பக்கத்தில் தரையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சட்டை இல்லை, இடுப்பில் கட்டிய சாரம் மட்டும். வயதானவர், ஆனால் தோள் இன்னும் தோளாகவே இருந்தது. முதுகு சுவரில் சாய்ந்திருந்தது. இரண்டு பாதங்களும் எதிரே இருந்த நிலைக்கால்களில் உதைத்து ஊன்றியிருந்தன. கண்கள் மூடியிருந்தன. வலது முஷ்டியில் ஆக்சிஜன் குழாயை இரண்டு சுற்றுச் சுற்றி, இறுகப் பிடித்திருந்தார். சுற்றிய இடத்தில் அந்தப் பிளாஸ்டிக் மடிந்து வெளுத்துப்போயிருந்தது.

"யாரும்மா இது?" என்று கத்தினேன்.

"எங்க அண்ணன்."

"யாருமே இல்லன்னு சொன்னீங்களே!"

"அந்த ரூம்புல யாருன்னுதான கேட்டிய? அங்கன யாருமில்ல. அண்ணன் இங்கனல்லா இருக்கான்." அந்த அம்மாளுக்கு என் கோபம் புரியவே இல்லை. "நீங்கதான சிஸ்டர் சொன்னிய, மத்தியானம் மத்தியானம் இறங்குதாவன்னு? கூட ஆள் வேணும்னும் சொன்னிய. அவிய இறங்கும்போது நான் எங்க அண்ணன விட்டுட்டு யாரப் போயிக் கூப்பிட?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கடலில் இறங்குகிறவனுக்குக் குழாயைப் பிடிப்பவன் மச்சான்தான். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். அண்ணன் தம்பியைக்கூட நம்பமாட்டார்கள், சொத்துத் தகராறு இருக்கும். தன் தங்கை தாலி அறுக்க எவனும் சம்மதிக்கமாட்டான் என்பதால் மச்சான். மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்று நாங்கள் ஊரில் கேலிக்குச் சொல்லுவோம். இவர்களுக்குக் கேலி இல்லை. மாப்பிள்ளை இறங்குகிறார் என்று தங்கை சொன்னதும் அண்ணன் வந்து தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். முன்னே மெஷின் ஓடுகிறது, குழாய் போகிறது, மறு முனையில் மாப்பிள்ளை. அவர் என்றைக்கும் பிடித்தபடி பிடித்தார். படகுக் குழாய் தடித்த ரப்பர், கையில் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் நசுங்காது. இது நசுங்கும்.

"அண்ணாச்சி, அத விடுங்க! கையை விடுங்க!"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "விடுததா?" என்றார். "கொழாயப் பிடிச்சவன்ட்ட விடுன்னு சொல்லுத வாய் எது?"

"காத்துப் போகல அண்ணாச்சி! நீங்க பிடிச்சதால அங்க காத்துப் போகல!"

"எனக்குக் காத்து தெரியும். என் தங்கச்சி கழுத்துல தாலி கெடக்கதே இந்தக் கையிலதான். கீழ இருந்து அவன் ஒரு இழுப்பு இழுத்தாம்னா தூக்குவேன். அவன் இழுக்காம கைய அசைக்க மாட்டேன்."

"அம்மா, நீங்க பிடுங்கிவிடுங்க!"

"அது எப்பிடி சிஸ்டர்?" என்று அந்த அம்மாள் பின்வாங்கினார். "அவிய கீழ இருக்கும்போது நான் போயித் தொடலாமா?"

என் திரையின் மூலையில் எண் அறுபதுகளுக்குப் போய்விட்டது. எனக்கும் அவர்களுக்கும் நடுவில் உப்பளமும் மணலும் முப்பது கிலோமீட்டரும் இருந்தன. என் கை மேஜையில் எதையோ பிடுங்குவதுபோல் பிசைந்துகொண்டிருந்தது. வாயைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை.

"அண்ணாச்சி, இழுத்துட்டாரு!" என்று கத்தினேன். "நான் பாத்தேன், இழுத்துட்டாரு! தூக்குங்க!"

கண்கள் பட்டென்று திறந்தன. வயதானவர் என்று இனிமேல் நான் அவரைச் சொல்லமாட்டேன். முஷ்டியை உதறிச் சுற்றை அவிழ்த்தார், இரண்டு கையும் மாறி மாறி விழ, குழாயை மளமளவென்று இழுத்தார். அவர் மடியில் குழாய் வளையம் வளையமாக விழுந்தது. நான் ஐயோ என்று சொல்வதற்குள் உள்ளறை வாசல் வழியாக அதன் மறுமுனை தரையில் சறுக்கி வந்தது. மூக்கில் மாட்டும் அந்தச் சின்ன இரட்டை முனை. அதில் ஒன்றும் இல்லை.

அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அந்த முகத்தை நான் விவரிக்க விரும்பவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது.

அந்த அம்மாள் அலறிக்கொண்டு டேப்லெட்டைக் கீழே போட்டார். எனக்கு ஓட்டுக்கூரையும், சுற்றுகிற ஃபேனும் மட்டும் தெரிந்தன. நான் அந்தக் கூரையைப் பார்த்தே கத்தினேன், கொண்டுபோய் மூக்கில் மாட்டுங்க, யாரும் குழாயைத் தொடாதீங்க, மாட்டுங்க. ஓடுகிற பாதங்கள். இழுபடுகிற குழாய். மெஷின் கத்துவது நின்றுவிட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஃபேன் சுற்றியது. அந்த அமைதியில் எனக்கு ஜெபம்கூட ஒழுங்காக வரவில்லை. எண் இருந்த இடத்திலேயே நின்றது. பிறகு ஒன்று கூடியது. இன்னொன்று. எழுபது. எண்பது தாண்டியபோது நான் அழுதுகொண்டிருந்தேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டது.

யாரோ என்னைத் தரையிலிருந்து எடுத்தார்கள். அண்ணன்தான். என்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளறைக்கு நடந்தார். அவர் நெஞ்சு அடிப்பது மைக்கில் கேட்டது. கட்டில் பக்கத்தில் நின்றார். தங்கை தலைமாட்டில் உட்கார்ந்து புருஷனின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. படுத்திருந்தவர் கண் திறந்து, தெளிவாக, தன் மச்சானைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு போய்விட்டிருந்தது. வலிக்கிறவன் முகம், மூச்சுக்கு ஒவ்வொரு தடவையும் கூலி கொடுக்கிறவன் முகம் திரும்பி வந்திருந்தது.

"ஏன் மச்சான் தூக்குன?" என்றார். "நான் இன்னும் இழுக்கலியே."

அண்ணன் என்னைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினார். அவ்வளவு பக்கத்தில் அந்தக் கண்களைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"இழுத்தாம்னு சொன்னியளே, சிஸ்டர்?"

"இழுத்தாரு அண்ணாச்சி" என்றேன். "நான் கண்ணால பாத்தேன். நீங்க சரியாத்தான் தூக்கினீங்க. இனிமே குழாய் வேண்டாம், பக்கத்துல உக்காந்து அவர் கையைப் பிடிச்சுக்கோங்க."

அவர் தலையை ஆட்டினார். டேப்லெட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். படுத்திருந்தவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.